தேங்காய்க்கு நான்கு கிரெடிட்

தேசிகன் பதினோரு வருடமாக இணைப் பேராசிரியர். அந்த 'இணை' உதிர வேண்டுமென்றால், அவருடைய புதுப் பாடத்துக்குத் துணைவேந்தர் ஆராவமுதன் இன்று கையெழுத்துப் போட்டாக வேண்டும். மக்களின் அறிவைப் பாடத்திட்டத்தில் சேருங்கள் என்று மேலிடத்து உத்தரவு வந்ததுமே, நிலவியல் துறையிலிருந்து அவர் முந்திக்கொண்டு எழுதிய பாடம்: 'தேங்காய்வழி நிலத்தடி நீர் கண்டறிதல்'. நான்கு கிரெடிட், முப்பத்தெட்டுப் பக்கம்.

செய்துகாட்ட, கர்நாடக எல்லையிலுள்ள அத்திபெலேயிலிருந்து ரங்கா வந்திருந்தார். உள்ளங்கையில் தேங்காயைப் படுக்கவைத்து நடப்பார். தண்ணீர் இருக்கும் இடத்தில் அது எழுந்து நிற்கும். பயோடேட்டாவில் 'தகுதி' என்ற இடத்தில் 'தேங்காய்' என்று எழுதிக் கொடுத்தவர்.

எதற்கும் இருக்கட்டும் என்று தேசிகன் முந்தின நாளே நீரோட்டம் காட்டும் மெஷினை வைத்துப் பார்த்து, புல்தரையில் சுண்ணாம்பால் ஒரு புள்ளி வைத்திருந்தார்.

"ரங்கா, அங்கதான் எழுந்திருக்கணும்," என்று காதைக் கடித்தார்.

"எனக்குத் தெரிஞ்சுபோச்சு சார். தேங்காய்க்கு யார் சொல்றது?"

மக்களறிவின் மகத்துவம் பற்றி முக்கால் மணி நேரம் பேசிய துணைவேந்தர், தம் அறைக்குள் போய் ஏசி போட்டுக்கொண்டு ஜன்னல் வழியே பார்த்தார். ரங்கா புள்ளியை மிதித்துத் தாண்டினார். தேங்காய் அசையவே இல்லை. புல்தரை முடிந்தது. தேங்காய் முன்னே, ரங்கா பின்னே, படியேறி, புதிதாகத் தேக்குப் பலகை பதித்த துணைவேந்தர் அறைக்குள்ளேயே நுழைந்துவிட்டார்கள்.

"ஸ்வல்ப காலைத் தூக்குங்க சார்."

ஆராவமுதன் தூக்கினார். நாற்காலிக்கடியில் கை போனதும் தேங்காய் குடுமியோடு விறைத்து நின்றது.

"இங்கதான் சார்! அறுநூறு அடியில பொங்கும். நாளைக்கே போர்வெல் வண்டி வரச் சொல்லட்டா?"

சரி என்றால் தேக்குத் தரை போகும். தப்பு என்றால் முக்கால் மணி நேரப் பேச்சு போகும். ஆராவமுதன் கால்களைத் தூக்கியபடியே திரும்பினார்.

"நீங்க சொல்லுங்கோ தேசிகன். இது சயின்ஸா, இல்லையா?"

தேசிகன் பதினோரு வருடத்தையும் மனசுக்குள் ஒருதரம் எண்ணினார்.

"சயின்ஸ்தான் சார். ஆனா... பிராக்டிகல் வேண்டாம்."

"பேஷ்!" துணைவேந்தரின் கால்கள் தரைக்கு வந்தன. கையெழுத்தும் விழுந்தது. பாடத்திட்டத்தில் ஒரே ஒரு திருத்தம்: 'கருவிகள்: தேங்காய் (படம் மட்டும்)'.

'இணை' உதிர்ந்த பூரிப்போடு தேசிகன் வெளியே ஓடிவந்தார். படியில் குந்தி, உடைக்கத் தேங்காயை ஓங்கிய ரங்கா, விஷயத்தைக் கேட்டதும் கையை இறக்கினார்.

"சீக்கிரம் ஒரு போட்டோ எடுத்துக்குங்க சார். பாடத்துக்கு ஆகும். அப்புறம் எனக்குச் சட்னிக்கு வேணும்."