பழையதைவிடத் தேவலையா?

மார்ச் இரண்டாம் வாரத்தில் வெர்லின் ஹாக் புது வண்டி எடுக்கப் போனான். இனிமேலும் தள்ளிப்போட முடியாது. தலையீற்றுக் கிடாரிகள் கன்று போடத் தொடங்கிவிட்டன. தூரத்து மேய்ச்சலுக்கு ஒரு நாளைக்கு மூன்று தடவையாவது போய்வர வேண்டும். நவம்பரிலிருந்து கஸ் பெட்டிஜானின் வண்டிகளில் ஒன்றை இரவல் வாங்கி ஓட்டிக்கொண்டிருந்தான். கஸ் பக்கத்துப் பண்ணைக்காரர். எழுபத்து மூன்று வயது, மனைவி போய்ச் சேர்ந்து தனியாக இருக்கிறவர். "இருக்கட்டும்டா, நான் எங்க போகப்போறேன்" என்றுதான் சொன்னார். ஆனால் அவருக்கும் மாடுகள் இருந்தன.

வெர்லினின் சொந்த வண்டி நவம்பர் பதினேழாம் தேதி காலை, பாலத்துக்கு முந்தின வளைவில் உறைபனியில் சறுக்கி மூன்று முறை உருண்டது. ஓட்டிப் போனது அவன் மகன் கேலன். இருபத்தொரு வயது. வண்டி நின்ற இடத்திலிருந்து நாற்பதடி தள்ளிப் புல்லில் கிடந்தான். பாறையோ மரமோ இல்லாத இடம். அந்தப் பக்கத்து மணல்மேடுகளில் புல்லைத் தவிர வேறென்ன இருக்கிறது.

டவுனில் வண்டி விற்கிற ஷெல்லி அவனைப் பார்த்ததும் கையிலிருந்த காப்பியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து வந்தாள். அவளும் வெர்லினின் மனைவி ஜொலீனும் ஒரே வகுப்பில் படித்தவர்கள். என்ன வேண்டும் என்று அவள் கேட்கவில்லை. முன்பு வைத்திருந்த அதே கம்பெனி, அதே அரை டன் பிக்கப்தான் என்பது இருவருக்கும் தெரியும். அரை டன் என்பது பெயருக்குத்தான். முக்கால் டன் தீவனத்தை ஏற்றிக்கொண்டுதான் எல்லாரும் ஓட்டுவார்கள். அந்த வருஷம் கம்பெனி அதை அடியிலிருந்து முடிவரை மாற்றியிருந்தது. புது உடம்பு, புது இன்ஜின்.

முந்தின வருஷமே கேலன் கேட்டான். "பழசு எட்டு வருஷம் ஓடிடுச்சுப்பா. மாத்திடலாம்." வெர்லின்தான், "அடுத்த வருஷம் புது மாடல் வருதுல்ல. அதையே எடுத்துக்கலாம், பொறு" என்றான். ஷெல்லி புது வண்டியைச் சுற்றிக் காட்டிக்கொண்டு வரும்போது வெர்லினுக்கு இந்தப் பேச்சு ஞாபகம் வந்தது. வந்தது, அவ்வளவுதான். ஒரு வாரத்துக்கு முந்தின வானிலை அறிக்கையை நினைத்துக்கொள்வதுபோல இருந்தது.

"அடிச்சட்டம் இன்னும் கெட்டி. பின்னாடி ரெண்டு அங்குலம் அகலம். டிரெய்லர மாட்ட கேமரா இருக்கு, இறங்கி இறங்கிப் பார்க்க வேணாம்" என்று சொல்லிக்கொண்டே வந்தாள் ஷெல்லி. மனப்பாடமாக இருந்தது. அவள் குரல் மட்டும் அதில் ஒட்டவில்லை.

"கூரை?" என்றான் வெர்லின்.

ஷெல்லி நின்றாள். "பழசவிட கெட்டின்னுதான் சொல்றாங்க, வெர்லின். பக்கவாட்டுலயும் ஏர்பேக் வருது." பிறகு கதவைத் திறந்து வைத்துக்கொண்டு சொன்னாள்: "ஒண்ணு சொல்லிடறேன், அப்புறம் என்னைத் திட்டக்கூடாது. பெல்ட் போடலேன்னா கியர் விழாது. அசையவே அசையாது. பண்ணைக்காரங்க எல்லாரும் இதுக்காக என்னைப் பிடிச்சு உலுக்குறாங்க. மேய்ச்சல்ல ஒவ்வொரு வேலிக் கேட்டுக்கும் இறங்கி ஏறுறவங்களுக்கு இது பெரிய ரோதனை. எடுத்துவிடவும் எங்களுக்கு வழி இல்ல."

வெர்லின் ஏறி உட்கார்ந்தான். பெல்ட்டைப் போடாமல் கியரைத் தள்ளிப் பார்த்தான். விழவில்லை. போட்டான். விழுந்தது.

"சரி" என்றான். "எங்க கையெழுத்து போடணும்?"

*

வண்டி நல்ல வண்டிதான். யாராவது கேட்டால் சொல்ல அவனிடம் பதில் இருந்தது. இருபதடி டிரெய்லரில் எருதுகளை ஏற்றிக்கொண்டு மேட்டில் ஏறும்போது பழைய வண்டி எந்தக் கியர் என்று தெரியாமல் முனகும். இது முனகவில்லை. ஹீட்டர் இரண்டு நிமிஷத்தில் சூடேறியது. பின்கதவு பட்டென்று விழாமல் மெதுவாக இறங்கியது. ஆனால் பின்தட்டின் பக்கச் சுவர் மார்பு உயரத்துக்கு வந்துவிட்டது. வெளியே நின்றபடி கையை நீட்டி உப்புக்கட்டியை எடுக்க முடியாது, சக்கரத்தில் கால் வைத்து ஏற வேண்டும். தொடுதிரை கையுறை போட்ட விரலை மதிக்கவில்லை. எல்லாவற்றையும்விட, மண்பாதையின் வரிமேடுகள் உடம்புக்குத் தெரியவே இல்லை. பழையதில் நாற்பதைத் தாண்டினால் பல் கிட்டித்துக்கொள்ளும். இதில் அறுபதில் போனாலும் பாயில் உட்கார்ந்த மாதிரி இருந்தது. வேகம் தெரியாத வண்டி நல்லதா கெட்டதா என்று அவனுக்குத் தீர்மானிக்கத் தெரியவில்லை.

தூரத்து மேய்ச்சலுக்குப் போகும் வழியில் ஏழு கேட்டுகள். ஒவ்வொன்றிலும் பெல்ட்டைக் கழற்றி, இறங்கி, திறந்து, ஏறி, பெல்ட்டைப் போட்டு, வண்டியை உள்ளே விட்டு, மறுபடி கழற்றி, இறங்கி, சாத்தி, ஏறிப் போட வேண்டும். அவன் போட்டான். எரிச்சல் வரவில்லை. வேறு எதுவும்கூட வரவில்லை. நவம்பரிலிருந்து அப்படித்தான். அடக்கத்தின்போது பாதிரியார் தோளைத் தொட்டபோது, கோட்டுக்கு மேல் தொட்டது மட்டும் தெரிந்தது. துக்க வீட்டுக்கென்று ஊரார் கொண்டுவந்த சாப்பாட்டுத் தட்டுகளை ஜொலீன் ஒவ்வொன்றாகக் கழுவி, அடியில் ஒட்டியிருந்த பெயர் பார்த்துத் திருப்பிக் கொடுத்தாள். பள்ளிக்கூடச் சமையலறை வேலைக்கு ஒன்பதாம் நாளே போய்விட்டாள். வீட்டில் இருவரும் பேசிக்கொண்டார்கள். மாடுகளைப் பற்றி, காற்றைப் பற்றி, தண்ணீர்த்தொட்டியில் உறைந்த ஐஸைப் பற்றி.

*

புது வண்டி வந்த இரண்டாவது சனிக்கிழமை காலை, தீவனம் ஏற்ற டவுனுக்குப் போனவன் வில்மாவின் காப்பிக்கடைக்குப் போனான். ஜன்னலோர மேசையில் கஸ் இருந்தார். கூடவே ரோட்டு வேலை மேற்பார்வை பார்க்கும் டெலோஸ். வெளியே நின்ற வண்டியை இருவரும் ஏற்கெனவே சுற்றிப் பார்த்து முடித்திருந்தார்கள்.

"மூஞ்சி ஏன்டா அப்படி இருக்கு அதுக்கு?" என்றார் கஸ். "பல்வலி வந்த காளை மாதிரி."

"உங்க மூஞ்சிக்கு அது எவ்வளவோ தேவலாம்" என்றாள் வில்மா, காப்பியை ஊற்றிக்கொண்டே.

"நான் சொல்றேன், கேட்டுக்க. பழைய மாடல்ல என்ன குறை? ஒண்ணும் இல்ல. ஒண்ணும் இல்லாததைத்தான் இவனுங்க மாத்துவானுங்க. அவ்வளவு உசரத்துல பக்கச் சுவர வெச்சா மனுஷன் எப்படி சாமான் எடுப்பான்?"

"நீங்க குட்டை, கஸ்" என்றார் டெலோஸ். "அதுக்குக் கம்பெனி என்ன பண்ணும்?"

"நீ சொல்லுடா வெர்லின். ஓட்டுறவன் நீதான். பழையதைவிடத் தேவலையா?"

"பரவால்ல" என்றான் வெர்லின். "நல்லாத்தான் இழுக்குது."

"பெல்ட் போடாம நகராதாமே? ஷெல்லி சொன்னா. சின்னப்புள்ளைக்கு இடுப்புக்கயிறு கட்டுற மாதிரி." கஸ் சட்டைப்பையில் விரலை விட்டு ஒரு சின்ன இரும்புத் தகட்டை எடுத்து மேசைமேல் வைத்தார். பெல்ட்டின் நாக்கு மாதிரியே இருந்தது, பெல்ட் மட்டும் இல்லை. கொக்கியில் செருகிவிட்டால் பெல்ட் போட்டாகிவிட்டது என்று வண்டி நம்பிக்கொள்ளும், எச்சரிக்கை மணியும் அடிக்காது. அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் பாதி வண்டிகளில் அது கிடந்தது. தீப்பெட்டி மாதிரி ஒரு சாமான், யாரும் அதைப் பற்றி யோசிப்பதில்லை. "தபால்ல ரெண்டு வரவழைச்சேன். இதுலயும் வேலை செய்யுமாம். முன்னாடி உனக்கு ஒண்ணு குடுத்தேன்ல, அதே—"

அங்கே கஸ் நின்றுவிட்டார். வாய் திறந்தபடியே இருந்தது.

வெர்லின் தகட்டைப் பார்த்தான். சொல்ல வேண்டும் என்று அவன் நினைத்திருக்கவில்லை. யாரோ மணி கேட்டதற்குப் பதில் சொல்வதுபோல வந்தது.

"அது அந்த வண்டியிலதான் இருந்துச்சு. நான் செருகினதுதான். எடுக்கவே இல்ல. அன்னிக்கும் அதுலதான் இருந்துச்சு."

வில்மா காப்பிக் கூஜாவை அப்படியே பிடித்துக்கொண்டு நின்றாள். டெலோஸ் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார். கஸின் கை மேசையில் தகட்டுக்குப் பக்கத்தில் கிடந்தது. வெர்லின் அந்தக் கையைப் பார்த்தான். நகத்தில் கிரீஸ் இருந்தது.

"நான் தீவனம் ஏத்தணும்" என்று சொல்லிவிட்டு எழுந்து போனான்.

*

வீட்டுக்கு வந்தபோது ஜொலீன் சமையலறைத் தரையில் மண்டியிட்டு, தாய் சேர்த்துக்கொள்ளாத ஒரு கன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்துக்கொண்டிருந்தாள். அது முட்டி முட்டிக் குடித்தது. வெர்லின் பூட்ஸைக் கழற்றாமல் கதவோரமே நின்றான்.

"ஜொலீன். பழைய வண்டியில பெல்ட் கொக்கியில ஒரு தகடு செருகி வெச்சிருந்தேன். மணி அடிக்காம இருக்க. அதனாலதான் அவன் பெல்ட் போடல."

அவள் தலையைத் தூக்கவில்லை. "தெரியும்."

"எப்படி?"

"அவன் சாமான எடுக்க உடைஞ்ச வண்டிங்க கிடக்கிற கிடங்குக்குப் போனேன்ல. நீ வரல அன்னிக்கு. அங்க பார்த்தேன். அப்படியே கொக்கியில இருந்துச்சு." புட்டியைச் சற்றுத் தூக்கிப் பிடித்தாள். "புதுசாவா பார்த்தேன்? அந்த வண்டிய நானும்தான் ஓட்டினேன், வெர்லின். கடைக்குப் போனேன், சர்ச்சுக்குப் போனேன். அது பக்கத்துலயே உக்காந்து போய்ட்டு வந்தேன். ஒரு நாளாச்சும் புடுங்கிப் போட்டேனா? மணி அடிக்காம இருக்கறது எனக்கும் நல்லாத்தான் இருந்துச்சு."

"நீ சொல்லவே இல்லையே."

"நீயும் சொல்லல."

கன்று காலிப் புட்டியை உறிஞ்சியது. ஜொலீன் அதை இழுத்தாள். இருவரில் யாரும் அழவில்லை. இந்த இடத்தில் அழுகை வரும் என்று நான்கு மாதமாக அவன் எங்கோ நினைத்திருந்தான். அந்த இடத்துக்கு வந்தபோது ஒன்றும் இல்லை. சுவரில் சாய்ந்துகொண்டான். சாய்வதற்கு ஒரு சுவர் இருந்தது, அவ்வளவுதான்.

"கடையில கஸ் கிட்ட சொல்லிட்டேன்" என்றான். "அவர் குடுத்தது அது."

இப்போது அவள் நிமிர்ந்தாள். "கஸ் கிட்டயா?"

"ஆமா. எல்லாருக்கும் முன்னாடி."

ஜொலீன் புட்டியைக் கழுவுதொட்டியில் வைத்துவிட்டுக் கைகளைத் துடைத்துக்கொண்டாள். "நமக்காச்சும் நீயும் நானும் இருக்கோம். அவர் அந்த வீட்டுல தனியா உக்காந்து இதையே நினைச்சுக்கிட்டு இருப்பாரு. போ. போய்க் கூட்டிட்டு வா. என்ன சொல்லணும்னு எல்லாம் யோசிக்காத. மாட்டைப் பார்க்க ஆள் வேணும்னு சொல்லு."

*

கஸ் தன் கொட்டகையில், அரைகுறையாகப் பிரித்த ஒரு பம்ப்பின் எதிரே வாளியைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தார். கையில் கருவி எதுவும் இல்லை. வெர்லினைப் பார்த்ததும் எழுந்திருக்கப் பார்த்தார். முடியவில்லை.

"நான் யோசிக்கவே இல்லடா" என்றார். "இத்தனை நாளும் ஒரு தடவைகூடத் தோணல. பனியில சறுக்கிட்டான்னுதான்—"

"பனியிலதான் சறுக்கினான்."

"நான் குடுத்தது."

"நான் செருகினது. வாங்க கஸ். நாப்பத்தேழாம் நம்பர் கிடாரி காலைலருந்து வால தூக்கிக்கிட்டு நிக்குது. எனக்கு ஒரு கை வேணும்."

கஸ் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டினார். வெர்லின் பிடித்துத் தூக்கினான். புது வண்டியின் படி அவருக்கு எட்டவில்லை. வெர்லின் பின்னாலிருந்து முட்டுக்கொடுக்க வேண்டியிருந்தது. கேட்டுகளை வழக்கமாகப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர்தான் இறங்கித் திறப்பார். அன்று கஸ் இறங்கவில்லை, வெர்லினே திறந்தான். மூன்றாவது கேட்டுக்கு அப்பால் கஸ் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டு தொப்பியால் கண்களைத் துடைத்தார். வெர்லின் பாதையைப் பார்த்து ஓட்டினான்.

கிடாரி பள்ளத்தில் படுத்திருந்தது. கன்றின் இரண்டு கால்கள் வெளியே தெரிந்தன. மூக்கு வரவில்லை. வெர்லின் சட்டைக்கையை மடித்துக்கொண்டு உள்ளே கைவிட்டு, மடங்கியிருந்த தலையைத் திருப்பினான். கஸ் சங்கிலியைக் கால்களில் மாட்டினார். இருவரும் கிடாரி முக்கும்போது இழுத்தார்கள், அது ஓய்ந்தால் ஓய்ந்தார்கள். அரைமணி நேரத்தில் கன்று வழுக்கிக்கொண்டு பனிப்புல்லில் விழுந்தது. மூச்சு இல்லை. கஸ் அதன் மூக்குத்துளையில் ஒரு வைக்கோல் துரும்பை விட்டுக் குடைந்தார். தும்மியது.

காற்று வடக்கிலிருந்து திரும்பியிருந்தது. ஈரக் கன்றை அங்கே விட்டால் காது உறைந்து போய்விடும், உயிரும் போகலாம். வண்டியின் பின்தட்டு திறந்தவெளி, அங்கும் குளிர்தான். வெர்லின் பின்சீட்டுக் கதவைத் திறந்து சீட்டை மடக்கினான். பழைய வண்டியில் அந்த இடத்தில் நடுவே திண்டு மாதிரி ஒரு மேடு இருக்கும். கன்றை அதன்மேல்தான் குறுக்கே கிடத்த வேண்டும், தலை ஒரு பக்கம் தொங்கும். புதியதில் தரை மட்டமாக இருந்தது. கன்று முழுதாக அதில் அடங்கியது. கழுத்தை நீட்டிப் படுத்துக்கொண்டது.

கஸ் ஒருமுறை உள்ளே எட்டிப் பார்த்தார். "இத மட்டும் யோசிச்சுச் செஞ்சிருக்கானுங்க" என்றார்.

"ஆமா" என்றான் வெர்லின்.

வீட்டுக்குப் போகும் வழியில் கன்று புதுக் கம்பளத்தில் கறுப்பாகக் கழிந்தது. நாற்றம் ஹீட்டர் காற்றோடு வண்டி முழுக்கப் பரவியது. கஸ் ஜன்னலை இறக்கினார். வண்டிச் சத்தம் கேட்டு ஜொலீன் கையில் பழைய துண்டுகளோடு முற்றத்துக்கு வந்து, கன்றுக்கு எந்தக் கதவைத் திறப்பது என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தாள்.