வெள்ளைக்குக் கீழே சிவப்பு

விஜயகுமார் பிரான்சுக்குப் போய் எட்டு நாள் ஓடிவிட்டு வந்து பதினோரு மாதம் ஆகிறது. எட்டு நாள் ஓட்டத்தைப் பதினோரு மாதம் பேச முடியுமா என்று சந்தேகப்படுகிறவர்கள் அவரோடு ஒரு டீ குடித்துப் பார்க்கலாம்.

பர்கண்டி என்று ஒரு பகுதி. மேடும் பள்ளமுமாகத் திராட்சைத் தோட்டங்கள். காலையில் ஒரு கிராமத்தில் கிளம்பி, எண்ணூறு வருஷத்துக் கல் தேவாலயத்தைச் சுற்றிக்கொண்டு ஓடினால் மத்தியானம் அடுத்த கிராமத்தில் ரொட்டியும் பாலாடைக்கட்டியும். பெட்டி படுக்கையை வேன் கொண்டுபோய்ச் சேர்த்துவிடும். வேனிலேயே போயிருக்கலாமே என்று கேட்ட உறவினர்களோடு அவர் இப்போது பேசுவதில்லை.

சேலத்துக்கு மேலே மலையில், ஒண்டிக்கடை என்ற இடத்தில் இருக்கும் ஜாபர் அலியின் டீக்கடைக்கு ஞாயிறு தவறாமல் வருவார். ஒரு நாளும் உட்கார்ந்ததில்லை. நின்றார் என்றும் சொல்ல முடியாது. அவசரமாக ஒதுங்க இடம் தேடுகிறவரைப்போல இரண்டு கால்களையும் மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருப்பார்.

"பிரான்சுல காலங்காத்தால மூடுபனி எப்படி இருக்கும் தெரியுங்களா பாய்?"

"இங்க இருக்கற மாதிரி இருக்குமுங்களா?"

"இதைவிட நல்லா இருக்கும்."

"அதே பனிதானுங்களே சார்."

"அங்க பனிக்கே ஒரு வரலாறு இருக்குது பாய்."

ஜாபர் அலி டீயை இன்னும் ஒரு முழம் தூக்கி ஆற்றினார். "எட்டு நாளு ஓடுனீங்களே, யாருங்க தொரத்துனா?"

விஜயகுமாருக்கு நாற்பத்தெட்டு வயது. சேலத்தில் ஒரு நூற்பாலையில் பராமரிப்பு மேனேஜர். இருபத்திரண்டு வருஷமாக அதே இரைச்சல், அதே எண்ணெய் வாசனை. வீட்டுக்கு வந்தாலும் ஹாலுக்கும் சமையலறைக்கும் நடுவே நடந்துகொண்டே இருப்பார். "ஏனுங்க, குட்டி போட்ட பூனையாட்டம் ஊட்டுக்குள்ள சுத்தாதீங்க. தலை கிறுகிறுங்குது" என்பாள் மனைவி கவிதா.

அந்தச் சுற்றலுக்கு அவர் ஒரு விமோசனம் கண்டுபிடித்திருந்தார். ஒண்டிக்கடையில் தொடங்கி, மலைக் குடியிருப்புகள், காப்பி எஸ்டேட் எல்லாம் தாண்டி, கரடியூரைத் தொட்டு, சேர்வராயன் கோயிலில் முடியும் இருபத்தொரு கிலோமீட்டர் ஓட்டப் பாதை. பெங்களூரில் ஓட்டச் சுற்றுலா நடத்தும் ஒரு கம்பெனிக்கு எழுதிப்போட்டார். சாரா என்ற பெண் ஞாயிற்றுக்கிழமை வந்து ஓடிப் பார்ப்பதாகப் பதில் வந்தது. பிடித்திருந்தால் அக்டோபரில் பதினான்கு வெளிநாட்டுக்காரர்கள். பாதையைப் பார்த்துக்கொள்ளும் வேலை விஜயகுமாருக்கு.

பதில் வந்த அன்றே மூன்று பக்கத்தில் ராஜினாமாக் கடிதம் எழுதி, மில்லில் ஜெனரல் மேனேஜரின் மேஜைமேல் வைத்துவிட்டு வந்தார். கவிதா அழவில்லை, கத்தவில்லை. நிபந்தனை போட்டாள்.

"அந்தப் பொண்ணு சரின்னு சொன்னா நீங்க ஓடுங்க, பறங்க, நான் கேக்கல. வேண்டாம்னு சொன்னா திங்கக்கெழமை காலைல போயி லெட்டரைத் திருப்பி வாங்கிக்கோணும். சரிங்களா?"

சரி என்று சொல்லியிருந்தார்.

பிரான்சில் பாதைக்கு அடையாளமாக மரத்துக்கு மரம் பெயிண்ட் அடித்திருப்பார்கள். மேலே ஒரு வெள்ளைக் கோடு, கீழே ஒரு சிவப்புக் கோடு. அதைப் பின்பற்றி ஓடினால் குருடனும் ஊர் போய்ச் சேர்வான் என்பது விஜயகுமாரின் மேற்கோள்களில் ஒன்று. நம் பாதையில் எஸ்டேட்டுக்குள் நாலு கிலோமீட்டர் சந்தும் பொந்துமாகக் கிளை பிரியும். சென்னையில் இருக்கும் எஸ்டேட் ஓனருக்குப் போன் போட்டு, "மரத்துல மார்க் போட்டுக்கவா சார்?" என்று கேட்டார். ஓனர் ஏதோ கல்யாணத்தில் இருந்தார். "போட்டுக்கங்க, போட்டுக்கங்க" என்று வைத்துவிட்டார். முந்தின ஞாயிற்றுக்கிழமை விஜயகுமார் பெயிண்ட் டப்பாவோடு போய் நாற்பத்துமூன்று சில்வர் ஓக் மரங்களுக்குப் பிரெஞ்சு முறைப்படி கோடு போட்டார். கடைசி மரத்தைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தபோது கண் கலங்கியது. பெயிண்ட் நெடியாகவும் இருக்கலாம்.

ஞாயிறு காலை ஆறு மணிக்குச் சாரா வந்தாள். முப்பது வயதிருக்கும். கையைக் காலை உதறிக்கொண்டு, "போலாமா சார்?" என்றாள். அவ்வளவுதான் அவள் பேச்சு. மீதியை விஜயகுமார் பேசினார்.

முதல் கிலோமீட்டரிலேயே பின்னால் டவுன் பஸ் ஹாரன் அடித்தது. ஒதுங்கினார்கள். பஸ் அவர்களைத் தாண்டி நின்றது.

"ஏறுங்க சார், எடமிருக்குது!" என்றார் கண்டக்டர்.

"இல்லீங்க, நாங்க சும்மா ஓடறோம்."

"உங்களுக்காகத்தானுங்க நிறுத்துனது. வாங்க, வாங்க."

வேண்டாம் என்று கையைக் காட்டினார். நம்பாமல் அரை பர்லாங்கு தூரம் பஸ் அவர்கள் வேகத்துக்கே கூட வந்தது. ஜன்னல் முழுக்கத் தலைகள். "பாவம், யாருக்கு என்ன ஆச்சோ" என்று ஒரு பெண் குரல் உள்ளிருந்து அனுதாபப்பட்டது. சாரா சிரித்தாள். விஜயகுமார் சிரிக்கவில்லை. பர்கண்டியில் பஸ் நின்றதே இல்லை.

அடுத்தது ஒரு மலைக் குடியிருப்பு. இருபது வீடு. பாதை திரும்பும் இடத்தில் ஒரு கருங்கல் சுவர் பாசி பிடித்து நின்றது. குறிப்பேட்டில் அவர் அதற்கு 'பழங்காலக் காவல் கோட்டையின் எச்சம்' என்று பெயர் சூட்டியிருந்தார். சாராவுக்கு அதை விளக்க நின்றபோது சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஆட்டுக்குட்டியோடு ஒரு பெண் எட்டிப் பார்த்தாள். ஆராயி. வீட்டுக்காரி.

"ஏனுங்க, செவத்துல என்னங்க பாக்கறீங்க? விரிசல் உட்ருச்சுங்களா?"

"இது எந்தக் காலத்துச் சுவருங்க?"

"போன வருசம் எம் மருமவன் கட்டுனதுங்க. சிமிட்டி போடுடான்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், கேக்கல."

"பாசி பிடிச்சிருக்குதே?"

"இந்த ஊர்ல ஒரு மழை நின்னு பேஞ்சா நீங்களுந்தான் பாசி புடிப்பீங்க."

சாரா குனிந்து ஷூ லேசைக் கட்டினாள். அவிழாத லேசு. தோள் குலுங்கியது.

போகட்டும், எஸ்டேட் இருக்கிறது என்று விஜயகுமார் பல்லைக் கடித்துக்கொண்டு ஓடினார். நிழல், மௌனம், நாற்பத்துமூன்று அடையாளங்கள். வாயைத் திறக்காமல் சாராவை முன்னால் விட்டுவிடப் போகிறார். அவளே வழி கண்டுபிடித்துப் போவாள். அங்கேதான் தீர்ப்பு.

கேட்டைத் தாண்டியதும் வெயில் சுள்ளென்று முகத்தில் அடித்தது. இங்கே வெயில் விழாதே என்று நினைத்தார். சாரா நின்றாள்.

"எந்தப் பக்கம் சார்?"

"மரத்துல மார்க் இருக்கும்மா. பாரு."

"மரம் எங்க சார்?"

வரிசையாக அடிக்கட்டைகள். வெட்டுவாய் இன்னும் ஈரமாக மின்னியது. வெட்டிய மரங்களைக் கிளை கழித்து, துண்டு போட்டு, பாதை ஓரமாக அடுக்கியிருந்தார்கள். அடுக்கில் அங்கங்கே வெள்ளைக்குக் கீழே சிவப்பு, பளிச்சென்று. மரங்களில் ஏறியிருந்த மிளகுக்கொடிகள் தரையில் சுருண்டு கிடந்தன. கொஞ்சம் தள்ளி நாலைந்து பேர் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். எஸ்டேட்டில் கணக்கும் ஆட்களும் பார்க்கும் ரைட்டர் அங்கப்பன் எழுந்து, துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு வந்தார்.

"வாங்க சார். நீங்கதானுங்களே போன வாரம் மார்க் போட்டது? எல்லாம் முடிச்சாச்சுங்க. நாப்பத்துமூணு."

விஜயகுமார் அடுக்கிலிருந்த ஒரு சிவப்புக் கோட்டை விரலால் தொட்டுப் பார்த்தார்.

"வருசா வருசம் மழைக்கு முன்னால ஓனரு கீழருந்து ஆளனுப்பி மார்க் போடுவாருங்க. வெள்ளை போட்டா கெளை கழிக்கோணும். செவப்பு போட்டா அடியோட வெட்டோணும். நீங்க ரெண்டும் போட்டுட்டீங்க. நாங்க நொம்ப யோசிச்சமுங்க."

"யோசிச்சு?"

"மேல வெள்ளைதானுங்களே இருக்குது. அதனால மொதல்ல கெளையக் கழிச்சோம். அப்பறம் வெட்டுனோம்." சொல்லிவிட்டு அங்கப்பன் அவர் முகத்தைப் பார்த்தார். "ஏனுங்க சார், மாத்திச் செஞ்சுட்டமுங்களா?"

விஜயகுமார் ஒரு அடிக்கட்டைமேல் உட்கார்ந்தார்.

விஷயம் விளங்கியதும் அங்கப்பனின் முகம் வெளுத்தது. "கொடியெல்லாம் எட்டு வருசத்துதுங்க. ஓனரு கேட்டா நான் என்னங்க சொல்லட்டும்?"

"நான் போட்ட மார்க்குன்னு சொல்லுங்க. இருங்க, நானே சொல்றேன்."

போன் போட்டார். ஓனர் இந்த முறை கல்யாணத்தில் இல்லை. மூன்று நிமிஷம் அவர் பேசியதில் அச்சில் ஏற்றத்தக்கது, "இனிமே என் எஸ்டேட்ல கால் வெச்சா" என்பது மட்டும். விஜயகுமார் "சரிங்க, என் தப்புதானுங்க, ரைட்டர் மேல ஒண்ணும் இல்லீங்க" என்று மூன்று முறை சொன்னார். அவர் பேச்சில் பிரான்சு வராத மூன்று நிமிஷம் பதினோரு மாதத்தில் அதுதான்.

சாரா சுற்றி வளைக்கவில்லை. "சாரி சார். எங்க ஆளுங்க தனியா, மார்க்கைப் பாத்து ஓடறவங்க. இந்த நாலு கிலோமீட்டர் இல்லன்னா பாதையே இல்ல. நான் வேண்டாம்னுதான் எழுதணும்." கேட்டுக்கு வெளியே வந்ததும் அதே டவுன் பஸ் திரும்பி வந்தது. அவள் ஏறிக்கொண்டாள். கண்டக்டர் விஜயகுமாரைப் பார்த்தார். வேண்டாம் என்று தலையை ஆட்டிவிட்டு விஜயகுமார் சேர்வராயன் கோயில் ரோட்டில் ஓடத் தொடங்கினார்.

ஏன் ஓடினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. பக்கத்தில் ஆள் இல்லாததால் எதையும் எதனோடும் ஒப்பிட்டுச் சொல்ல வழியில்லை. மேடு வந்தது, மூச்சு வாங்கியது. இறக்கம் வந்தது, முட்டி வலித்தது. இவ்வளவுதானா என்று தோன்றியது. இதுவே போதும்போல இருந்ததுதான் அவருக்கு எரிச்சலாக இருந்தது.

திங்கட்கிழமை காலை ஒன்பது மணிக்கு ஜெனரல் மேனேஜர் சிவக்குமாரின் அறைக்குப் போனார். அவரைவிட எட்டு வயது சின்னவர்.

"சார், ஒரு லெட்டர் வெச்சிருந்தேன்..."

"லெட்டரா?" சிவக்குமார் பைல்களைக் கிளறி, ஒரு டீ கிளாசுக்கு அடியிலிருந்து உறையை எடுத்தார். வட்டமாகக் கறை. ஒட்டியது ஒட்டியபடி. "அட, பிரிக்கவே இல்லைங்க. லீவு லெட்டருன்னு நெனச்சேன். அவசரமுங்களா?"

நீட்டினார். கை நீட்டி வாங்கினால் முடிந்தது. கவிதாவுக்குக் கொடுத்த வாக்கும் நிற்கும், மானமும் நிற்கும், உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது. விஜயகுமாரின் கை பாதி தூரம் போனது.

"பிரிச்சுப் படிங்க சார்."

சிவக்குமாருக்கு வாய்விட்டுப் படிக்கும் பழக்கம். "'பர்கண்டியின் கல் வீதிகளில் என் ஆன்மாவின் காலடியோசையை முதன்முதலாகக் கேட்டேன்...'" நிமிர்ந்து பார்த்தார். மறுபடி படித்தார். மூன்று பக்கமும். விஜயகுமாருக்குக் காது மடல் எரிந்தது. இதை எழுதினவனை நேரில் பார்த்தால் ஒரு அறை விடலாம் என்றிருந்தது. ஆனாலும் திருப்பிக் கேட்கவில்லை.

"எல்லாஞ் சரிங்க," என்றார் சிவக்குமார் கடைசியில். "கார்டிங் மெஷினை யாரு பாக்கறது?"

அந்த மூன்று பக்கத்தில் அதற்குப் பதில் எழுதியிருக்கவில்லை. "ஒரு மாசம் இருந்து ஆள் பழக்கி உட்டுட்டுப் போறேன் சார்."

"அப்பறம் என்ன பண்ணுவீங்க?"

"தெரியலீங்க."

மத்தியானம் மில் கேட்டுக்கு வெளியே நின்று கவிதாவுக்குப் போன் போட்டார். அந்தப் பக்கம் மிக்சி ஓடிக்கொண்டிருந்தது.

"லெட்டரை வாங்கிட்டீங்களா?"

"இல்ல. படிக்க வெச்சுட்டேன்."

மிக்சி நின்றது. அவர் கேட்டிலிருந்து புளியமரம் வரை போய்த் திரும்பினார், மறுபடி போனார்.

"சாயந்தரம் ஊட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்," என்றாள் கவிதா. "சுத்தறதையெல்லாம் வழியிலயே சுத்தி முடிச்சுட்டு, நடந்தே வாங்க."