மூன்றாம் இறகு

சாசவா ஆற்றின்மேல் விடியற்பனி வெண்துகிலாய் விரிந்து கிடக்க, ஊசியிலை மரங்கள் நுனிதோறும் நீர்முத்து ஏந்திக் கதிரவனை எதிர்நோக்கி நிற்க, கரையோரப் புல்வெளியில் பதினாறு கூடாரங்கள் துயில் கலைந்து எழுந்துகொண்டிருந்தன. அடுத்த குன்றுக்கு அப்பால், இரண்டாண்டுகளுக்குமுன் அழையாது வந்து இன்றளவும் அகலாதிருந்த அயல்நாட்டுப் படையின் கவச வண்டிகள் உறுமின. அவ்வுறுமலுக்குக் குயில்களும் பழகிவிட்டன, நாங்களும் பழகியிருந்தோம்.

அவ்வாண்டு சாரணர் இயக்கம் ஆளுங்கட்சியின் ஆணையால் கலைக்கப்பட்டது. எனினும் பள்ளி ஆசிரியர் ராதோவான் தம் பிள்ளைகளை நடைப்பயணக் குழு என்னும் பெயரில் காட்டுக்கு அழைத்து வந்திருந்தார். உண்மை வெளிப்படின் அவருக்கு வேலை போகும், சிறையும் வாய்க்கும். இதனை அங்கிருந்த மிகச் சிறிய பிள்ளையும் அறிந்திருந்தது.

பதினான்கு அகவையினளான நெடிய யார்மிலா அன்று விடியல் முதல் வாய் திறக்கவில்லை. மூன்று கழுகிறகுகள் பெறுவது எம் சாரணர்க்குப் பெருஞ்சிறப்பு: ஒரு நாள் உண்ணாதிருந்தால் ஓர் இறகு, ஒரு நாள் எவர் கண்ணிலும் படாது காட்டில் தனித்திருந்தால் ஓர் இறகு, ஒரு நாள் ஒரு சொல்லும் பேசாதிருந்தால் ஓர் இறகு. முன்னிரண்டையும் வென்றவள், ஓயாது பேசும் தன் நாவை வெல்ல இறுதியில் துணிந்திருந்தாள். இனியொரு முகாம் உண்டோ என்பதை எவரும் அறியார்.

கரிபிடித்த சூப்புச் சட்டியைத் தேய்த்தவாறே அவளுடைய தோழி போஹுன்கா சீண்டினாள்: "ஏய், உன் கழுத்துல பெரிய சிலந்தி! ... அட, அசையவே மாட்டேங்குறாளே! சரி, நேத்து உன் பங்கு பழக்கொழுக்கட்டைய யார் தின்னான்னு தெரியுமா? நான்தான். இப்ப திட்டு பாப்போம்!"

யார்மிலாவின் கண்கள் மட்டும் நெருப்பாய்த் திட்டின.

அவ்வேளையில் படை ஊர்தி ஒன்று வந்து நின்றது. அயல்நாட்டு அதிகாரி ஒருவன் சூரியகாந்தி விதை கொறித்தபடி அதிலேயே அமர்ந்திருக்க, கட்சியின் மாவட்ட இளைஞர் குழு மேற்பார்வையாளர் தோழர் கூபாத் தூவெள்ளைச் சட்டையுடன் இறங்கி, எதிரில் நின்ற போஹுன்காவை நோக்கி நகைத்தவாறு கைநீட்டினார். நெஞ்சுக்கு அணித்தான இடக்கையை நீட்டுவது சாரணர் வழக்கம். ஏழு வயது முதல் ஊறிய அவ்வழக்கம் அறிவை முந்திக்கொள்ள, அவளது இடக்கை எழுந்தது.

கூபாத்தின் நகைப்பு மறைந்தது.

"இடது கையா? இது யாரோட பழக்கம்னு எனக்குத் தெரியும், தோழர் ராதோவான்." அவர் யார்மிலாவின் பக்கம் திரும்பினார். "ஏம்மா, நெட்டச்சி, நீ சொல்லு. நீங்கல்லாம் யாரு? ... ஏன் பேச மாட்டேங்குற? வாய்க்குப் பூட்டு போட்டிருக்காங்களா? சரி, இவரை வண்டியில ஏத்திட்டுப் போய்க் கேட்டுக்குறேன்."

யார்மிலா ராதோவானை நோக்கினாள். அவர் மெல்லத் தலையசைத்துத் தடுத்தார். அவளோ ஒரு நொடியில் தேர்ந்தாள்.

"தோழரே, அவ சட்டி தேய்ச்சுக்கிட்டிருந்தா, வலது கை பூரா கரி. உங்க சட்டையப் பாருங்க, எவ்வளவு வெள்ளையா இருக்கு! கரிக் கைதான் வேணும்னா தாராளமா பிடிச்சுக்கோங்க."

குறிப்பறிந்த போஹுன்கா கன்னங்கரிய வலக்கையை ஆவலுடன் நீட்டி முன்னேற, கூபாத் துள்ளிப் பின்வாங்கினார். மொழியறியா அதிகாரி விதை சிதற நகைத்தான்.

"அப்ப நீ ஏன் இவ்வளவு நேரம் ஊமையா நின்ன?"

"ஒரு நாள் பேசாம இருந்து காட்டுறேன்னு சொல்லியிருந்தேன் தோழரே. வாயாடின்னு எல்லாரும் கேலி பண்றாங்க. இப்ப உங்களால தோத்துட்டேன்."

அவள் கூறியதில் பொய் ஒன்றும் இல்லை. பிறர் நகைப்பினிடையே உசாவலைத் தொடர விரும்பாத கூபாத், மாலைக்குள் முகாமைக் கலைக்குமாறு ஆணையிட்டு ஊர்தியேறினார்.

கூடாரங்களை மடிக்கையில் ராதோவான் இறகொன்றை நீட்டி, சாரணர் முறைப்படி அவளை உடன்பிறப்பாய் விளித்தார். "வாங்கிக்கோ தங்கச்சி. எங்களுக்காகத்தான பேசின."

"பேசினது பேசினதுதான் அண்ணா. இன்னொரு நாள் இருந்துட்டு வாங்கிக்குறேன்."

"இனிமே உனக்குக் காடு ஏது?"

"காட்டுலதான் இருக்கணும்னு சட்டமா என்ன? ஞாயித்துக்கிழமை இருக்கேன்."

ராதோவான் நகைக்கத் தொடங்கி நிறுத்தினார். அந்த ஞாயிறன்றுதான், கலைக்கப்பட்ட சாரணப் பிள்ளைகள் யாவரும் ஊர்ச் சதுக்கத்தில் நின்று கழுத்தில் கட்சியின் செந்துணி அணிந்து, கட்சிக்கு உறுதிமொழி உரைக்க வேண்டும்.

"மாட்டினா மேல்படிப்பு கிடையாதும்மா."

"தெரியும் அண்ணா."

ஞாயிறும் வந்தது. விடியல் முதல் தாயின் வசவுக்கும் வாய் திறவாத யார்மிலா, கொடிகள் படபடக்கும் சதுக்கத்தில் வரிசையில் நின்றாள். ஒலிபெருக்கி ஒவ்வொரு தொடராய் முழங்க, இளங்குரல்கள் அலையலையாய் எதிரொலிக்க, அவள் இதழ்கள் மூடியே இருந்தன. அருகில் நின்ற போஹுன்கா முதற்சொல்லை உரைத்தவள் பக்கவாட்டில் நோக்கினாள். இரண்டாம் சொல்லை விழுங்கிக்கொண்டாள். அவளையடுத்து ஒருவன் நிறுத்தினான், அவனையடுத்து இன்னொருத்தி. உறுதிமொழி முடிவதற்குள் அவ்வரிசை முழுதும் நிமிர்ந்த தலையோடு வாய்மூடி நின்றது. மேடையிலிருந்த கூபாத் இதை அறியாது, பிற வரிசைகளின் பெருமுழக்கத்தில் மகிழ்ந்து கைதட்டினார்.

பேச்சைத் தடுக்கும் ஆட்சிகள் பலவுண்டு, படிப்போரே. தானே விரும்பி மேற்கொண்ட பேசாமையைத் தடுக்கும் ஆணை மட்டும் எங்கள் நாட்டில் எக்காலத்தும் எவராலும் எழுதப்படவில்லை.