பனங்கொட்டை மேடு

"இவங்க கீர்த்தனா, நம்ம லோக்கல் பொண்ணு" என்று சிவராம் மறுபடியும் அறிமுகப்படுத்தியபோது கீர்த்தனா பல்லைக் கடித்துக்கொண்டாள். தாவரவியலில் எம்.எஸ்சி. அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள். சென்னையிலிருந்து வரும் இந்த நடைக் குழுவுக்கு ஒரு ஞாயிறு காடு, மறு ஞாயிறு கலைக் கண்காட்சி. இதுவரை நடந்த ஆறு காட்டு நடைகளிலும் செடி கொடிக்குப் பேர் சொன்னவள் அவள். குழுவின் இணையப் பக்கத்தில் 'நடத்துபவர்' என்று இருந்ததோ சிவராம் பெயர்.

"இன்னிக்கு நல்லபடியா முடியட்டும். அடுத்த மாசத்துலேர்ந்து உன் பேரைப் போட்டுடலாம்" என்று காலையில் அவர் சொல்லியிருந்தார். அந்த ஒரு பேச்சுக்காகத்தான் வாயைக் கட்டிக்கொண்டு நடந்தாள்.

திருப்போரூர் தாண்டி, காப்புக்காட்டை ஒட்டிய ஏரிக்கரைப் பாதை. மேக்னா என்ற பெண் அடிக்கு ஒரு தரம் நின்று படம் எடுத்தாள்.

"கீர்த்தனா, இதைத் தொடலாமா?"

"காரைச் செடிங்க. முள்ளு கீது, பாத்து."

அவளை இழுத்துக்கொண்டு கீர்த்தனா கரையேறிப் பார்த்தால், முன்னால் போன பத்துப் பேரும் குனிந்து குழி தோண்டிக்கொண்டிருந்தார்கள். எல்லார் கையிலும் பனங்கொட்டை.

"வா, வா!" சிவராம் முகமெல்லாம் சிரிப்பு. "யாரோ குவியலாக் கொட்டிட்டுப் போயிருக்காங்க. வீணாப் போகுதேன்னு கரையோரம் நட்டுட்டோம். அறுபது பனை!"

கரைக்குக் கீழே எட்டிப் பார்த்தாள். பாத்தி கட்டி, கொட்டையை நெருக்கி அடுக்கி, மண் மூடி, மேலே ஓலை போட்டிருந்த மேடு. பாதி வயிறு கிழிந்து கிடந்தது.

"சார், இது கொட்டினது இல்ல. பனங்கிழங்குக்குப் போட்ட பாத்தி. பொங்கலுக்குப் புடுங்குவாங்க."

"அப்படியா? வேலி எதுவும் இல்லையே."

"வேலி போட்டாத்தான் ஒருத்தர் வச்சதுன்னு தெரியுமா?"

அதற்குள் கழனிப் பக்கமிருந்து சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள் வேண்டா என்ற பாத்திக்காரி.

"அடப்பாவிங்களா! பத்து நாளா மரம் மரமாப் போயிப் பொறுக்கினதுடா!" கண் கீர்த்தனா மேல் விழுந்தது. "ஏய், நீ கோதண்டராமன் பொண்ணு தான? படிச்ச பொண்ணு, நீயே இட்டாந்து நோண்ட வுட்டு வேடிக்க பாத்துகினு கீறியா?"

கீர்த்தனாவுக்குக் காது சுட்டது.

சிவராம் அவள் பக்கம் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "பன்னெண்டு மணிக்கு மகாபலிபுரத்துல சிற்பக்கூடம் பார்க்கணும். நீ உங்க பாஷையில பேசிச் சமாளி. அதுக்குத்தானே உன்னைக் கூட்டிட்டு வர்றது?"

வாயில் கட்டியிருந்தது அங்கே அறுந்தது.

"சார், போன வாரம் கண்காட்சில மண்ணு உருண்டைங்கள தரையில குவிச்சு வச்சிருந்தாங்களே, ஞாபகம் கீதா? கிட்டப் போனதுக்கே 'ஒருத்தரோட உழைப்பு'ன்னு என் கையப் புடிச்சி இழுத்தீங்க. இது மட்டும் இன்னா, குப்பையா?"

"அது வேற, கீர்த்தனா..."

"ஒரு வேறயும் இல்ல. நட்டதெல்லாம் எடுங்க. முளை ஒடியாம எடுக்கணும். திரும்பப் பாத்தியில அடுக்கி முடிக்காம ஒருத்தரும் வேன் ஏறக் கூடாது."

"அப்போ அடுத்த மாசம் உன் பேரு..." என்று இழுத்தார் சிவராம்.

"போடாதீங்க. கொட்டைய எடுங்க."

முதலில் மண்டி போட்டது மேக்னா. பிறகு ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். கடைசியில் சிவராமும் பேன்ட்டை மடித்துக்கொண்டு இறங்கினார். வேண்டா இடுப்பில் கைவைத்து மேற்பார்வை பார்த்தாள்.

"இன்னாம்மா, கொழந்தையத் தூக்கற மாதிரி தூக்கற? நெருக்கி வையி! அண்ணாத்த, உன்னத்தான். முளை கீழ பாத்து இருக்கணும். தலைகீழா வச்சிகினு கீற!"

சிவராம் வைத்ததை எல்லாம் கீர்த்தனா எடுத்துத் திருப்பி வைத்தாள். முடிய ஒன்றரை மணி நேரம் ஆனது.

"பதினோரு கொட்டை முளை ஒடிஞ்சி போச்சி" என்றாள் வேண்டா. "பொங்கலுக்குக் கிழங்கு வேணும்னு உங்கப்பன அனுப்பிடாத."

வேன் கிளம்பியது. கீர்த்தனா ஏறவில்லை. செங்கல்பட்டு பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றபோது வாட்ஸ்அப் குழுவில் படம் வந்தது. சேறு படிந்த கையோடு சிவராம். கீழே, 'பனங்கிழங்குப் பாத்தி: நேரடிச் செயல்முறை. நடத்தியவர்: சிவராம்.'

அவள் தட்டினாள்: 'அவர் தலைகீழாக வைத்தவை பதினாலு. திருத்தியவள் கீர்த்தனா, எம்.எஸ்சி.' அனுப்பிவிட்டுக் குழுவிலிருந்து வெளியேறினாள்.

பஸ் வந்தது. உட்கார இடமில்லை. நகத்திடுக்கில் மண்ணோடு கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.