பூட்டிய அறையின் சத்தம்

அந்த வரைபடம் அளவுக்கு மீறி அழகாக இருந்தது. அதுதான் அவளை உறுத்தியது.

கல்லூரி நூலகத்தின் படிப்பறையில் 'அமைதி' என்று பலகை மாட்டினால் சத்தம் குறையுமா? பலகைக்கு முன் இரண்டு வாரம், பின் இரண்டு வாரம், தினமும் மாலை நான்கு மணிக்குக் ஒலி அளக்கும் கருவியோடு போய் அளந்தவன், 'ஒல்லி' என்று அவள் கூப்பிடும் கூட்டாளி. எண்களைக் கணினியில் ஏற்றியவள் அவள். நாளை காலை வகுப்பில் விளக்கிப் பேச வேண்டும். பேராசிரியை தலையாட்டினால்தான் இதையே இறுதியாண்டு புராஜெக்டாக விரித்துச் செய்ய முடியும்.

அட்டவணையில் ஞாயிற்றுக்கிழமைகூட விடுபடவில்லை. நேராக நூலக ஊழியரிடம் போய் நின்றாள்.

"அண்ணா, போன ஞாயிறு படிப்பறை திறந்திருந்துச்சா?"

"ஞாயித்துக்கிழமை என்னிக்கும்மா திறந்திருக்கோம்? பலகை மாட்டினப்புறம் பெயின்ட் அடிக்க வேற மூணு நாள் பூட்டிட்டோமே!"

அட்டவணையில் அந்த நாட்களுக்கும் எண் இருந்தது.

ஒல்லி பிஸ்கட் பொட்டலத்தோடு வந்தான். "என்ன ஹெட்மிஸ்ட்ரஸ், உன் மூஞ்சி ஏன் உர்ருனு இருக்கு?"

"பூட்டின ரூம்ல எப்படிடா அளந்த? சாவி ஓட்டையில காதை வெச்சா?"

"என்ன உளர்ற?"

"நடிக்காத. வீட்டுல உக்காந்து எழுதிட்ட. மேடம் தேதியைப் பாத்தா நானும் சேர்ந்து மாட்டுவேன்."

அவன் நோட்டை எடுத்து அவள் முன் போட்டான். பூட்டிய ஏழு நாட்களுக்கும் வெறும் கோடுதான் கிழித்திருந்தான்.

"அப்ப இதெல்லாம் யாரு..." கேட்கும்போதே அவள் குரல் தேய்ந்தது.

அளக்கத் தொடங்கும் முன், வரைபடம் ஒழுங்காக வருகிறதா என்று பார்க்க, இருபத்தெட்டு நாளுக்கும் அவளே மனம்போனபடி எண்களைத் தட்டியிருந்தாள். பலகைக்குப் பிறகு குறைவாக. பின்னர் ஒல்லி சொல்லச் சொல்ல அவற்றின் மேல் நிஜ எண்களை ஏற்றினாள். பூட்டிய நாளில் அவன் எதுவும் சொல்லவில்லை. பொய் எண் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அந்த ஏழு எண்களையும் அழித்தாள். சரிந்து இறங்கிய கோடு, பாய் விரித்தாற்போல் படுத்துவிட்டது.

"போச்சு! இதுக்கு யாரு பர்மிஷன் தருவா?"

"பலகை வேலைக்காகலைன்னு உள்ளதைச் சொல்லுவோம். வேற எது வேலைக்காகும்னு தேடறதுதான் புராஜெக்ட்னு கேட்டுப் பாப்போம்." ஒல்லி கருவியை அவள் கையில் திணித்தான். "ஆனா, இனிமே நீ அளந்துட்டு வா. டைப் அடிக்கறது நான்."

"ஏன்டா?"

"உன்மேல எனக்குச் சந்தேகம்."