ரேகை பதியாத விரல்

தாக்னாவிலிருந்து எல்லை தாண்டிச் சிலி நாட்டு அரிக்காவுக்குப் போகும் வாடகைக் காரில் எல்வீராவுக்கு ஜன்னலோரம் கிடைத்தது. ஆனாலும் அவள் வெளியே பார்க்கவில்லை. மடியில் அடையாள அட்டை, மகள் வீட்டு விலாசம். உதடு மட்டும் முணுமுணுத்துக்கொண்டே வந்தது.

"என்னக்கா, ஜெபமா?" என்றான் ஓட்டுநர் செவேரோ.

"சிலிக்காரங்க கேட்டா என்ன சொல்றதுன்னு சொல்லிப் பாக்குறேன் தம்பி. எங்க தங்குவே, எத்தனை நாளுன்னு கேப்பாங்களாமே."

"கேட்டதுக்கு மட்டும் சொல்லுங்க. பையில பழம் கிழம் இருந்தா படிவத்துல மறைக்காம எழுதிடுங்க. அவ்வளவுதான்."

பழம் இல்லை. மறைக்க வேண்டியது வேறு இருந்தது. ஆறு மாதமாகப் புற்றுநோய்க்கு ஊசியும் மாத்திரையும். நிறைமாத கர்ப்பிணியான மகள் யெசேனியாவுக்கு அது தெரியக்கூடாதென்றுதான் தலையில் விக். ஆஸ்பத்திரிக் காகிதங்களெல்லாம் வீட்டு அலமாரியில்.

எல்லைச் சாவடியில் இருந்த பெண் அதிகாரி அட்டையையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"விரலை வைங்க."

ரேகைக் கருவியில் சிவப்பு விளக்கு எரிந்தது. துடைத்துவிட்டு வைத்தாள். சிவப்பு. மற்ற கை. அதுவும் சிவப்பு.

"பாத்திரம் தேய்ச்சுத் தேய்ச்சு ரேகை போயிடுச்சும்மா."

"போட்டோவுல இருக்கிறது நீங்கதானா?"

பின்னால் வரிசை முணுமுணுத்தது. எல்வீரா விக்கைக் கழற்றினாள்.

"மாத்திரையாலதாம்மா. சில பேருக்கு ரேகை அழியும்னு டாக்டர் சொன்னாரு."

"டாக்டர் சீட்டு?"

"வீட்ல இருக்கு. மக பிரசவத்துக்குப் போறேம்மா."

அதிகாரியின் குரல் தணிந்தது. "உங்க மக நம்பர் சொல்லுங்க. நீங்கதான்னு உறுதி பண்ண அவங்ககிட்ட சில விவரம் கேட்கணும்."

எல்வீரா எண்ணைச் சொன்னாள்; அதிகாரி போனை ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். பிறந்த தேதி, தாத்தா பெயர், எல்லாவற்றுக்கும் யெசேனியா டக்டக்கென்று பதில் சொன்னாள்.

"சிகிச்சை எவ்வளவு நாளா நடக்குது?"

"என்ன சிகிச்சை? யாருக்கு?"

எல்வீரா போனைக் கேட்டு வாங்கினாள். நாலே வார்த்தையில் சொல்லி முடித்தாள். மறுமுனையில் இணைப்பு அறுந்தது.

மேலதிகாரியைக் கேட்டு வந்து அனுமதிச் சீட்டைக் கொடுத்தாள் அந்தப் பெண்.

அரிக்கா வாடகைக் கார் நிலையத்தில் வயிற்றைத் தாங்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள் யெசேனியா. கண்கள் வீங்கியிருந்தன. கட்டிக்கொள்ளவில்லை. பையைப் பிடுங்கிக்கொண்டாள்.

"மாத்திரையாவது எடுத்துட்டு வந்தியா?"

"வந்தேன்."

"எந்தெந்த நேரத்துக்குன்னு சொல்லு. இனிமே நான்தான் தருவேன்."