வரியா

ஆல்பம் முழுக்கச் சுற்றுப்பயணத்தைப் பற்றியதாம். பதினோரு ஊர், நாற்பது நாள், லாட்ஜ் சாப்பாடு, பஸ் தூக்கம், கைதட்டல், அப்புறம் தனிமை. ராப் பாடுகிற அவள் புருஷனுக்கு மேடையில் 'இடி' என்று பெயர். வீட்டில் ஒரு டம்ளரைக் கழுவி வைக்கிற சத்தம்கூட அவனிடமிருந்து வந்ததில்லை. ஏழாவது பாட்டில் அவள் குரல் வருகிறது, அவள் கையெழுத்து இல்லாமல் வெளியிட முடியாது என்று ஆல்பம் கம்பெனி சொல்லிவிட்டது. அதற்காகத்தான் பல் ஆஸ்பத்திரி வேலைக்கு அரைநாள் லீவு சொல்லிவிட்டு அவள் ஸ்டுடியோவுக்கு வந்திருந்தாள்.

கையெழுத்துப் போடுவதில் அவளுக்கு ஒன்றுமில்லை. அன்றைக்கு வராமல் போனது தப்பு என்று பாட்டிலாவது சொல்லியிருப்பான் என நம்பி வந்தாள். நேரில் ஒருநாளும் சொன்னதில்லை. அந்த ஒரு வார்த்தைக்காக ஒரு வருஷமாக வாயை மூடிக்கொண்டு காத்திருந்தாள், பைத்தியக்காரி.

ஒலிகளைச் சேர்த்துச் சீராக்குகிற மிக்ஸிங்காரர் பாட்டை ஓடவிட்டார். அதில் வந்த அவள் குரல், அவனுடைய அம்மா சாகக் கிடந்தபோது அவள் போனில் பேசி அவனுக்கு அனுப்பிய செய்தி. "அத்தைக்கு மூச்சு வாங்குது. உன்னையேதான் கேக்குறாங்க. வரியா?"

அன்று அதற்குப் பதிலாக வந்தது ஒரு கட்டைவிரல் படம். ஆள் வந்து சேர்ந்தது எல்லாம் முடிந்த மறுநாள். இப்போது கடைசிச் சொல்லை மட்டும் நறுக்கி, தாளத்துக்கு நாலு தடவை அடுக்கியிருந்தார்கள். வரியா, வரியா, வரியா, வரியா. உடனே அவன் குரல்: வரியான்னு கேட்டவளுக்கு வரியாவே வந்தேன்.

"பாத்தியா, ரெண்டு அர்த்தம்," என்றான். முகமெல்லாம் பூரிப்பு. "நீ கேட்ட வரியா, நான் எழுதுன வரியா. தானா வந்து விழுந்துச்சு."

 ஆளை வரச் சொன்னால் சிலேடையை அனுப்பியிருக்கிறான்.

மிக்ஸிங்காரரும் தன் பங்குக்குப் பெருமைப்பட்டார். செய்தி முழுக்கப் பின்னால் ஒரு கரகரப்பு இருந்ததாம், பழைய ஃபேன் ஓடுகிற மாதிரி. அதை நீக்கவே இரண்டு நாள் பிடித்ததாம். நீக்காததைப் போடுங்கள் என்றாள் அவள். போட்டார். அந்தச் சத்தம் இழுத்தது, நின்றது, மறுபடி இழுத்தது.

"அது ஃபேன் இல்ல," என்றாள் அவனிடம். "உங்கம்மா."

அவன் ஹெட்போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டான். கண்ணீர் வழிந்தது. சும்மா சொல்லக்கூடாது, நிஜ அழுகைதான்.  இதோ சொல்லிவிடுவான், இப்போது சொல்லிவிடுவான் என்று அவள் அவன் தோளில் கை வைத்தாள்.

அவன் மிக்ஸிங்காரர் பக்கம் திரும்பினான். "டிரம்ஸ எடுத்துடுங்க. இந்த மூச்சுலயே பாட்ட ஆரம்பிப்போம்."

அவள் கையை எடுத்துக்கொண்டாள். கம்பெனியின் ஒப்புதல் தாளில் கையெழுத்துக்கு விட்டிருந்த இடத்தில் 'முடியாது' என்று எழுதி, பேனாவை மூடி வைத்துவிட்டு எழுந்தாள். அவன் பின்னாலேயே வருவான் என்று அப்போதும் ஒரு நப்பாசை.

கதவை அவள் திறக்கும்போது அவன் மிக்ஸிங்காரரிடம் கேட்டுக்கொண்டிருந்தான்.

"இவ குரல மட்டும் நீக்கிட்டு அந்த மூச்ச வச்சுக்க முடியுமா?"